சாமை உருண்டையும் நம் பெருமூச்சும்

ஜவ்வாது மலையடிவாரத்தில் வளர்ந்தவர்கள் ஒன்றுகூடினால், பேச்சு எப்படியும் தின்பண்டத்தில் வந்து முடியும். வெல்லப்பாகில் பிடித்த சாமை உருண்டை, சுட்ட மரவள்ளிக்கிழங்கு, அவித்த மல்லாட்டை, பலாக்கொட்டை என்று பட்டியல் நீளும். "அந்தக் காலம் போய்விட்டதே!" என்னும் பெருமூச்சோடு அது முற்றுப்பெறும். அப்பெருமூச்சில் நானும் பங்கேற்றவன்தான். ஆயினும் அதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மாறாத தின்பண்டம் என்று ஒன்று என்றுமே இருந்ததில்லை. மரவள்ளியும் மல்லாட்டையும் தென் அமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்தவை. மல்லாட்டையின் மறுபெயரான மணிலாக்கொட்டையில் அயல்நாட்டுத் துறைமுகமே ஒலிக்கிறது. மிளகாய் வருமுன் நம் காரத்துக்கு மிளகே துணை. முன்னோருக்குப் புதுமையாக வந்ததே நமக்கு மரபாயிற்று. எனவே, சாமை இன்று முறுக்காகவும் பிஸ்கட்டாகவும் உருமாறுவது கண்டு பதற வேண்டியதில்லை.

பதற வேண்டியது வேறொன்றுக்கு. சாமை மலைவீட்டு அடுப்பைவிட்டு ஏன் இறங்கியது? நாகரிக மோகம் என்று எளிதாகத் தீர்ப்பிடுகிறோம். சாமையின் உமி கடினமானது. அதை நீக்கப் பெண்கள் உரலில் மணிக்கணக்காகக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும். 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. உலக்கையைக் கீழே வைத்த தாயைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? நம் நாவில் தித்தித்த உருண்டைக்குள் அவளுடைய தோள்வலி இருந்ததே, அதை என்றேனும் எண்ணிப் பார்த்தோமா?

2018இல் நடுவண் அரசு சாமை முதலியவற்றை ஊட்டமிகு தானியங்கள் என்று அறிவித்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தானியத்தின் பெயர் உயர்ந்தது. விளைவித்தவர் வாழ்வு அதே அளவுக்கு உயர்ந்ததா? உமியோடு விற்பவருக்குக் கிடைப்பது தானியத்தின் விலை. அரிசியாக்கி, மாவாக்கி, பண்டமாக்கி விற்பவருக்கே பண்டத்தின் விலை. நகரத்தார் சாமை பிஸ்கட்டைத் தேடி வாங்க, சாமை விளைந்த ஊரின் குழந்தை மைதா பிஸ்கட்டைக் கடிப்பது வளர்ச்சியாகுமா? உமி நீக்கும் பொறி மலையிலேயே ஓடினால் பெண்களின் தோள்வலியும் குறையும். வருவாயும் அங்கேயே தங்கும்.

ஐயாயிரம் பேருக்குப் பகிரப்பட்டவை வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் நற்செய்தி குறிப்பிடுகிறது. வாற்கோதுமை அன்று ஏழையரின் தானியம். ஆண்டவர் அதை இழிவாகக் கருதவில்லை. அலங்காரப் பொருளாக்கவும் இல்லை. பசித்தோர் கையில் கொடுத்தார்.

அன்பு வாசகர்களே! அடுத்த பங்குத் திருவிழாவில் தின்பண்டக் கடை விரிப்போம் அன்றோ? சாமைப் பண்டத்தை மலைப் பெண்களிடமிருந்தே, பேரம் பேசாமல் வாங்கி வைப்போம். குழந்தைப் பருவத்தை நினைந்து உருகுவது எளிது. அப்பருவத்தில் நம்மை ஊட்டி வளர்த்த உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுப்பதே நம் கடன்.