மேடையில் முழங்கியவரின் பெயர் தொகுப்பில் எங்கே?

2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதன்முறை மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் 19 கலைஞர்கள் இருந்தனர். கானா, ராப், ராக் ஆகியவற்றோடு பறையும் அங்கே சமமாக ஒலித்தது. ஆனால் மேடையில் கிடைத்த சமத்துவம் ஊடகத்திலும் ஒலிப்பதிவிலும் தானாகத் தொடர்வதில்லை. ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலை எழுதிப் பாடிய அறிவு, 2021 ஆகஸ்ட் மாத ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனி இணைய அட்டை வெளியானது.

அறிவுக்கே இந்நிலையெனில், நேரலை இசைத் தொகுப்புக்கு விருந்தினராக அழைக்கப்படும் கோவை, ஈரோட்டுப் பறைக் கலைஞருக்கு என்ன நேரும்? கொங்கு மண்டலத்தின் ஊர்களில் பறை இன்றும் சாவு வீட்டுக்குரிய சாதிக் கடமையாகவே பார்க்கப்படுகிறது. அன்றைய கூலியோடு கலைஞரை அனுப்பிவிடும் துணிவு அந்தப் பார்வையிலிருந்தே பிறக்கிறது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, நிகழ்த்துக் கலைஞருக்கு 50 ஆண்டுக்கால உரிமையை வழங்குகிறது. 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 38ஏ பிரிவு வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகைக்கும், 38பி பிரிவு கலைஞரின் பெயர் குறிப்பிடப்படுவதற்கும் வழிசெய்கின்றன. எனவே ஒலிவாங்கியை இயக்குமுன் பெயரும் பங்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். கல்லூரி விழாக்களுக்குப் பறைக்குழுவினரை அழைக்கும் மாணவர்கள் இந்நடைமுறையைத் தொடங்கிவைக்கலாம்.