ஓராழி ஊர்தி

கதிரவனின் தேருக்கு ஓர் ஆழியே உண்டு என்பது பழம்புலவர் கண்ட கற்பனை. அத்தேரை ஈர்க்க ஏழு குதிரைகளை அவர்கள் பூட்டினர்; செலுத்துதற்கு அருணன் என்னும் பாகனையும் அமர்த்தினர். ஒற்றைச் சக்கரத்தின்மேல் ஓர் ஊர்தி நிலைகுலையாது ஓடுதல் மக்களால் இயலாது, வானோர்க்கே இயலும் என்னும் எண்ணம் அக்கற்பனையின் அடியில் உறைந்திருத்தல் கூடும். இன்று ஜப்பான் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில், எட்டு ஒன்பது வயதுச் சிறுவர் சிறுமியர் குதிரையும் பாகனும் இன்றி ஒற்றைச் சக்கரத்தின்மேல் அமர்ந்து, இடைவேளை முடிந்து மணி ஒலிக்கும்வரை ஆடுகளத்தைச் சுற்றி வருகின்றனர். அதனை ஓர் அருஞ்செயலாக அவர்கள் எண்ணுவதும் இல்லை.

பிற நாடுகளில் நிலைமை வேறு. ஒற்றைச் சக்கர மிதிவண்டி என்று சொன்ன அளவிலே, வட்டரங்கும், முகத்தில் வண்ணம் பூசிய கோமாளியும், கைதட்டும் கூட்டமுமே பலர் நினைவிற்கு வரும். ஒருவர் அதனை ஊர்ந்து தெருவழியே சென்றால், "மற்றொரு சக்கரம் எங்கே?" என்று வினவி நகைப்பவர் உளர். இந்நகைப்புத் தீங்கற்றது போலத் தோன்றும்; ஆயினும் தீங்குடையதே. ஒரு கலையை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட்டால், அதனைக் கற்க விரும்பும் பிள்ளை தொடங்குமுன்னே நாணி விலகும். வளர்ந்தவர்களோ விழுவதற்கு அஞ்சுவதைக் காட்டிலும், விழும்போது பிறர் காண்பரே என்றுதான் மிகுதியும் அஞ்சுவர். இவ்வொரு நாணத்தால் கற்கப்படாது போன திறங்கள் எத்துணையோ!

இவ்வூர்தி தோன்றிய வரலாறு சுவையானது. 1870ஆம் ஆண்டை அடுத்து இங்கிலாந்தில், முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த மிதிவண்டிகள் பெருகின. மிதிகள் பெரிய சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஓட்டுபவர் விரைவைத் திடீரெனக் குறைத்தால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். அக்கணம் அவர் ஒற்றைச் சக்கரத்தின்மேல் நிற்பார். அந்த இடையூற்றையே சிலர் விளையாட்டாக்கிக்கொள்ள, ஒற்றைச் சக்கர வண்டி பிறந்தது என்று கூறுவர். சங்கிலியும் ஒத்த இரு சக்கரங்களும் உடைய வண்டி வந்தபின், பெரிய சக்கர வண்டி மறைந்தது. அதன் குறையிலிருந்து பிறந்த குழந்தை மட்டும் மறையவில்லை.

அதன் உறுப்புகள் மிகச் சில. ஒரு சக்கரம், அதன் அச்சோடு பிணைந்த இரு மிதிகள், சக்கரத்தைத் தாங்கும் கவை, கவையின்மேல் ஓர் இருக்கை, அவ்வளவே. திருப்புதற்குக் கைப்பிடி இல்லை, சங்கிலியும் இல்லை. மிதி நின்றால் சக்கரம் நிற்கும். மிதி பின்னே சுழன்றால் சக்கரமும் பின்னே சுழலும். இருசக்கர வண்டியில் செல்பவர் இறக்கம் கண்டவிடத்துக் காலை ஓய்வாக வைத்துக்கொள்ளலாம். இதில் அவ்வோய்வு இல்லை. சிறுவர் பயிலும் 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் தொலைவே செல்லும். ஆதலின் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 600 முறைக்கு மேல் கால்கள் சுழல வேண்டும்.

உள்ளங்கையில் ஒரு கோலை நிறுத்தி விளையாடிய சிறுவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். கோல் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் கையை நகர்த்தினால் கோல் நிமிரும். வண்டியிலும் அவ்வாறே. உடல் முன்னே சாய்ந்தால் விரைந்து மிதித்துச் சக்கரத்தை உடலின் கீழே கொணர வேண்டும். பின்னே சாய்ந்தால் மிதிக்கும் விரைவைக் குறைக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தாலோ, சாயும் பக்கமே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். விழாதிருத்தற்கு வழி விழும் பக்கம் செல்வதே என்பது விந்தை அன்றோ? நேரே அமைதியாகச் செல்பவன் போலத் தோன்றுபவன், உண்மையில் கணந்தோறும் சிறிது விழுந்து, கணந்தோறும் தன்னை மீட்டுக்கொண்டே செல்கிறான்.

இதனைச் சொல்லால் கற்பித்தல் அரிது. ஆடுகளத்துக் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மாணவன் இருக்கையில் அமர்கிறான். முதலில் அவன் உடற்பாரம் முழுவதையும் மிதிகளின்மேல் சுமத்துகிறான். சக்கரம் நகர மறுக்கிறது. கண்ணைச் சக்கரத்தின்மேலேயே பதிக்கிறான், உடல் கவிழ்கிறது. பாரத்தை இருக்கையில் வைத்து, பார்வையைத் தொலைவிலே நிறுத்த வேண்டும் என்று ஆசிரியர் கூறலாம். அக்கூற்று மெய்யே, ஆயினும் கேட்ட மாத்திரத்தில் உடல் அதற்கு இணங்குவதில்லை. சிலர்க்குச் சில நாளிலும் பலர்க்குச் சில வாரத்திலும், ஒரு நாள் கை கம்பியை விட்டுவிடுகிறது. மூன்று சுற்று, ஐந்து சுற்று என வண்டி தானே செல்கிறது. எப்போது கற்றாய் என்று வினவினால் அவனுக்கு விடை தெரியாது. ஆசிரியருக்கும் தெரியாது.

விழுதல் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. முன்னே கைப்பிடி தடுக்காமையால், ஓட்டுபவர் பெரும்பாலும் தம் காலிலேயே இறங்கி நிற்பர். வண்டி மட்டும் தனியே விழும். எனினும் மிதி முழங்காலின் கீழ் அடிப்பதும், தரையில் ஊன்றிய மணிக்கட்டு நோவதும் உண்டு. தலைக்கவசமும் கையுறையும் அணிந்து பயில்வது அறிவுடைமை. ஜப்பானியச் சட்டம் இவ்வூர்தியை மிதிவண்டி வகையில் சேர்க்கவில்லை. இரண்டு சக்கரமேனும் உடையதே அங்கு மிதிவண்டி எனப்படும். ஆடுகளத்துக்குரிய இதனைப் பேருந்துகள் விரையும் சாலைக்குக் கொண்டுசெல்லுதல் துணிவன்று, பேதைமையாகும்.

ஜப்பானியக் கல்வித்துறை 1989ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இப்பயிற்சிக்கு இடம் அளித்தது. 1992ஆம் ஆண்டு முதல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. மூங்கிற் பொய்க்காலில் நடப்பதும் ஒற்றைச் சக்கரத்தில் ஊர்வதும் அங்கே உடற்பயிற்சியின் பகுதிகளாயின. இது நன்று. கணக்கும் மொழியும் கற்க வேண்டிய நேரத்தில் இதனால் யாது பயன் என்று வினவுவோர் எங்கும் உளர். அவர்கள் வினாவைப் புறக்கணித்தல் ஆகாது. பள்ளியின் நேரம் விலைமதிப்பற்றது. ஆயினும் ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒரு கணக்கைத் தோழன் செய்ததைப் பார்த்து எழுதிவிடலாம். ஒரு செய்யுளைப் பொருள் உணராமலே ஒப்புவித்துவிடலாம். ஒற்றைச் சக்கரத்தில் அவ்வாறு ஏமாற்ற வழியில்லை. ஊர்ந்தான் அல்லது விழுந்தான். இடைப்பட்ட நிலை ஒன்றில்லை. தன் முயற்சி ஒன்றாலேயே ஒரு பொருளைப் பெற்றதாக ஒரு பிள்ளை ஐயமின்றி அறியும் இடங்கள் பள்ளியில் மிகுதியாக இல்லை. ஆகவே இதற்கு மதிப்பெண் இடுதல் மட்டும் வேண்டா. மதிப்பெண் வந்தால் நகைப்பும் அச்சமும் மீண்டும் வந்து சேரும்.

விளையாட்டுத் திடலோடு இக்கலை நின்றுவிடவும் இல்லை. 36 அங்குலச் சக்கரம் உடைய வண்டி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.9 மீட்டர் செல்லும். ஆதலின் நெடுந்தொலைவு செல்வோர் அதனை விரும்புவர். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியைச் சேர்ந்த எட் பிராட் என்னும் இளைஞர், 19 வயதில், 2015ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அத்தகைய வண்டியில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகைச் சுற்றி வந்து ஊர் சேர்ந்தார். அவர் கடந்த தொலைவு 33,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பைகளை வழங்கும் அறப்பணிக்கு அப்பயணத்தால் பெரும்பொருள் திரண்டது. வட்டரங்கில் ஒரு சில நிமிடம் காட்டும் வித்தை அன்று அது. மூன்று ஆண்டிற்கு மேலாகப் பன்முறை ஏறி இறங்கிய அன்றாடப் பயணம்.

பன்னாட்டு ஒற்றைச் சக்கர ஊர்தியர் கூட்டமைப்பு, இத்திறனைப் பத்துப் படிகளாக வகுத்துள்ளது. பிறர் துணையின்றி ஏறி, 50 மீட்டர் ஊர்ந்து, தடுமாறாமல் இறங்குதல் முதற்படி. மேலே செல்லச் செல்ல, வளைந்து திரும்புதல், ஒரு காலால் மிதித்தல், பின்னோக்கிச் செல்லுதல் எனப் பயிற்சி அரிதாகின்றது. அவற்றுள், இருந்த இடத்திலேயே அரைச் சுற்று முன்னும் அரைச் சுற்றுப் பின்னுமாகச் சக்கரத்தை ஆட்டி நிற்றல் ஒன்று. ஓடுவதைவிட நிற்பது கடினம் என்பதை அங்கேதான் மாணவர் அறிகின்றனர். ஆடுகளத்தைப் பத்துமுறை சுற்றும் சிறுமியும் பின்னோக்கிச் செல்லத் தொடங்கும் நாளில் முதல்நாள் மாணவியே ஆகின்றாள். நெடுநாளாகத் தொடாத அந்தக் கம்பியிடம் மீண்டும் வருகிறாள். அருகே புதிதாக வந்த சிறுவன் ஒருவன் அதனைப் பற்றி நடுங்கி நிற்கின்றான். அவனுக்குச் சிறிது இடம் ஒதுக்கிவிட்டு, தானும் அதனைப் பற்றுகிறாள்.