எல்லாவற்றுக்கும் சுகரா?

"சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்." சர்க்கரை நோயாளி எதைச் சொன்னாலும் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான். அசதியா, சுகர். மலச்சிக்கலா, சுகர். தோல் வறட்சி, மறதி, கை மரத்துப்போவது எல்லாமே சுகர். கேட்டுக் கேட்டு நோயாளியும் அதை நம்பிவிடுகிறார்; மருத்துவரிடம் சொல்வதையே விட்டுவிடுகிறார். இந்த நம்பிக்கை தவறு என்பதோடு ஆபத்தானதும்கூட. ஏனென்றால் இந்தத் தொல்லைகள் அத்தனையும் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும்.

சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைபாடு. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. சர்க்கரை நோயாளிகளோ நாட்டில் பத்துக் கோடிக்கும் மேல் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. தற்செயலாகவே இரண்டும் லட்சக்கணக்கான உடல்களில் சேர்ந்திருக்கும். அப்படிச் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைச் சும்மா விடுவதில்லை.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கல்லீரல் கூடுதலாகச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் சீக்கிரம் கழிந்துபோகிறது. நேற்றுவரை கட்டுப்பாட்டில் இருந்த சுகர் எகிறும். குறைவாகச் சுரந்தால் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும், கல்லீரலும் மந்தமாகும். பல மாதங்களாகப் போட்டுவந்த அதே அளவு ஊசி, திடீரென்று லோ சுகரில் கொண்டுபோய் விடலாம்.

எனக்கு மிகவும் கோபம் வருவது மூன்று மாதச் சராசரி விஷயத்தில்தான். ஹெச்பிஏ1சி என்கிற அந்தப் பரிசோதனை, சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. தைராய்டு குறைந்தவர்களுக்குப் புதிய சிவப்பணுக்கள் உருவாவது மந்தப்படும். பழைய அணுக்களே நீண்ட நாள் சுற்றிவரும், அவற்றில் ஒட்டுவதும் கூடும். அதனால் உண்மையான சர்க்கரை அளவைவிடச் சராசரி அதிகமாகக் காட்டலாம். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் அளவு சரியாக இருக்க, சராசரி மட்டும் ஏறியிருந்தால் வீட்டில் என்ன நடக்கும்? "யாருக்கும் தெரியாம இனிப்பு சாப்பிடுறீங்களாம்மா?" வாயைக் கட்டி வாழ்கிற ஒரு தாயைக் குற்றவாளியாக நிறுத்துகிறோம். மருந்தும் ஒரு படி ஏறும். பிறகு சுகர் இறங்கி மயக்கம் வரும். ரத்தசோகையிலும் இந்தச் சராசரி பிசகும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். தைராய்டைப் பார்க்காமல் விடுவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

கொழுப்பின் கதையும் இதேதான். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பு ஏறும். உடனே அதற்கு மாத்திரை. குறைபாட்டைக் கவனிக்காமல் அந்த மாத்திரையைக் கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பு அதிகம். அந்த வலிக்கும் பழி சுகர் மேல்தான்.

"இதெல்லாம் டெஸ்ட் எழுதிக் காசு பார்க்கும் வேலை" என்பார்கள். மாதாமாதம் எழுதினால் அந்தக் கோபம் நியாயம். ஆனால் காரணம் தெரியாமல் சுகரோ கொழுப்போ எடையோ மாறும்போது டி.எஸ்.எச். என்கிற தைராய்டு பரிசோதனையை ஒருமுறை பார்ப்பதைக் கொள்ளை என்று தள்ள முடியாது. தைராய்டு பெண்களின் நோய் என்று ஆண்கள் ஒதுங்குவதும் சரியில்லை. பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் உண்டு. முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கோ இது தவிர்க்கவே கூடாத பரிசோதனை. கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் தாக்கக்கூடும் என்பதால், நோய் தெரிந்த கொஞ்ச காலத்திலேயே ஒருமுறையும் பிறகு அவ்வப்போதும் பார்க்கும்படி அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

தைராய்டுக்கு மாத்திரை போட்டால் சுகர் மறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனியே மருத்துவம் வேண்டும், ஆனால் ஒன்றுக்குப் பார்ப்பவருக்கு மற்றொன்று தெரிந்திருக்க வேண்டும். அதிகச் சுரப்புக்குச் சிகிச்சை தொடங்கியதும் இன்சுலின் தேவை குறையும். சுகருக்குப் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் பழைய அளவையே போட்டுக்கொண்டு படுத்தால், தூக்கத்திலேயே சுகர் இறங்கிவிடலாம்.