கை நடுக்கம் மட்டும்தானா பார்க்கின்சன்?

மாணவர்களே, பார்க்கின்சன் நோய் என்றதும் நடுங்கும் கைதான் உங்கள் நினைவுக்கு வரும். 1817ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்கூட, நோயாளியின் அறிவு பாதிக்கப்படுவதில்லை என்றே கருதினார். அது சரியல்ல என்பது இன்று தெளிவு.

மூளையில் டோபமினைச் சுரக்கும் செல்கள் அழிவதால் உடலசைவு தடுமாறுகிறது. ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதம் மனநிலையையும் நினைவையும் ஆளும் பகுதிகளிலும் திரளலாம். அதனால் பலருக்கு மனச்சோர்வு, பதற்றம், எதிலும் நாட்டமின்மை ஏற்படுகின்றன. சிலருக்கு நடுக்கம் தொடங்குமுன்பே மனச்சோர்வு வந்துவிடுகிறது. இல்லாத ஆளோ பூனையோ கண்ணுக்குத் தெரிந்தால், பின்னாளில் முதுமை மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. மருந்தின் பக்கவிளைவாலும் கிருமித்தொற்றாலும்கூட அத்தகைய காட்சிகள் தோன்றலாம்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

நாம் என்ன செய்கிறோம்? தாத்தா பேசாமல் உட்கார்ந்திருந்தால் “வயதாகிவிட்டது” என்கிறோம். “மூலையில் யாரோ நிற்கிறார்” என்று அவர் சொன்னால் சிரிக்கிறோம். வெளியே தெரியாமல் மறைக்கிறோம். இது தவறு என்பதே என் கருத்து. மருத்துவர் அவரைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். உடன் வாழ்பவர்கள் நீங்கள். எப்போது, எத்தனை முறை என்று குறித்துவையுங்கள். அம்மா அப்பாவிடம் காட்டி, மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்று மாலை தாத்தாவின் அருகில் உட்கார்ந்து, “மனசு எப்படி இருக்கிறது, தாத்தா?” என்று கேட்டுப் பாருங்கள்.