பொறுமைக்கு யார் வாடகை கட்டுவது?

ஜாலான் புசாரில் டிம் சம் விற்கும் சுவீ சூன் 1962-இல் தொடங்கியது. அங்கிருந்து நடக்கும் தூரத்தில், சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து தோசை வார்க்கிறது கோமள விலாஸ். சிலிகி சாலை ஆனந்த பவன் 1924-இல் பிறந்தது, நூறைக் கடந்துவிட்டது. இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால், “தரத்தைக் குறைக்கவில்லை, அதனால் நின்றார்கள்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பாதி உண்மைதான்.

மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் புளிக்க வேண்டும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் அசந்தால் பொங்கி வழியும். உளுந்தில் கை வைத்தால் தோசை வறட்டியாகும். நாலு நாளில் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். முதலாளிக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அடுத்த மாத வாடகை கழுத்தைப் பிடிக்கும்போது முதலில் குறைவது உளுந்துதான்.

ஆகவே தரத்தின் கதையை நிலத்தின் கதையோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கடைவீடுகளின் வாடகையை அடக்கி வைத்தது. சின்ன வியாபாரிகள் பலர் அந்த நிழலில் ஆற அமரத் தொழில் செய்தார்கள். அற்ப வாடகைக்கு யார் கூரை மாற்றுவார்? கட்டடங்கள் பாழாயின. உள்ளே வியாபாரி பத்தாண்டுக்கு யோசித்தார். வீட்டுக்காரர் அடுத்த மழைக்குக்கூட யோசிக்கவில்லை. 2001-இல் சட்டம் நீக்கப்பட்டது.

நிலம் வேறு விதமாகவும் கவிழ்க்கும். ஜப்பானின் கோங்கோ குமி 578-லிருந்து கோயில் கட்டிவந்த குடும்ப நிறுவனம். அதன் தச்சு வேலையில் பழுதில்லை. 1980-களின் நில மோகத்தில் வாங்கிய கடன்தான் பெரும்பாலும் அதைச் சாய்த்து, 2006-இல் இன்னொரு நிறுவனத்தின் கையில் சேர்த்தது.

ஜாலான் புசார் 1991-இல் பாதுகாப்பு வட்டாரமானது. முகப்பு, சன்னல், பூ ஓடு எதையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டிர்விட் ரோட்டில் ‘சாய் செங் ஹுவாட் ஹார்டுவேர்’ என்ற பழைய பெயர்கூட அப்படியே இருக்கிறது; 2012-லிருந்து அங்கே விற்பது காப்பி. (காப்பியைக் குறை சொல்வதற்கில்லை.)

உள்ளே நடக்கும் தொழிலுக்கோ பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுக் குத்தகைதான். ஓட்டுக்குக் கொடுத்த காப்பில் கொஞ்சம் குத்தகைக்கும் கொடுக்கலாம்: பத்தாண்டுத் தவணை, முன்கூட்டியே பேசி முடித்த உயர்வு. இரண்டாண்டுக் குத்தகைக் காகிதத்தை நம்பி எந்த முதலாளி ஒரு பையனை மாஸ்டராகப் பழக்குவார்?