உடம்பு ஏற்காத துப்பாக்கி உறை

2010 முதல் 2012 வரையிலான மூன்று ஆண்டுகளில் அரச மலேசியக் காவல்துறையின் 44 சுடும் ஆயுதங்கள் காணாமற்போயின என்று 2013-இல் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. அவற்றுள் சில கடலில் விழுந்திருக்கலாம் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் காலிட் அபு பாக்கார் விளக்கம் தந்தபோது நாடெங்கும் பேச்சு எழுந்தது. யாருடைய அலட்சியம், யாருக்கு என்ன தண்டனை என்றெல்லாம் கேட்டோம். அந்தத் துப்பாக்கிகள் எந்த உறையில் இருந்தன, அந்த உறை அணிந்தவரின் உடம்புக்கு ஒத்துவந்ததா என்று மட்டும் கேட்கவில்லை. உறை சரியில்லாததால்தான் அத்தனையும் தொலைந்தன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இடுப்பில் உறுதியாக இருக்கும் துப்பாக்கி எளிதில் தொலையாது. அதைக் கழற்றி மேசை இழுப்பறையிலோ கார் இருக்கைக்கு அடியிலோ வைத்த பிறகே ஆபத்து தொடங்குகிறது. கழற்றத் தூண்டுவது பல நேரம் உறுத்தல்தான். ஆகவே துப்பாக்கி உறை உடம்புக்குச் சுகமாக இருப்பதை ஆடம்பரமாக அல்ல, பொதுமக்கள் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அன்று, அபூர்வமான அனுமதி. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி மாநிலக் காவல்துறைத் தலைவர் உரிமம் தர வேண்டும். உரிமமின்றி வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. இந்தக் கண்டிப்பு நல்லது, அப்படியே இருக்கட்டும். அதனால் பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருக்களில் சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்து நடப்பவர்கள் மிகச் சிலரே: சாதாரண உடையில் பணிபுரியும் காவலர்கள், செல்வந்தர்களின் மெய்க்காவலர்கள், உரிமம் பெற்ற சில வணிகர்கள். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் அவர்கள் நடப்பது லெபோ பாசாரிலும் சௌராஸ்தா சந்தையிலும் நம் தோளை உரசியபடிதான்.

மறைத்து அணியும் உறையிடம் நான்கு வேலைகளைக் கேட்கிறோம். துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது, தானாக நழுவவோ பிறர் கைக்குப் போகவோ கூடாது, வேண்டும்போது உடனே கையில் வர வேண்டும், பத்து மணிநேரம் உடம்பில் கிடந்தாலும் நோகக் கூடாது. நான்கும் முழுமையாக ஒருசேரக் கிடைப்பதில்லை. நம் காவலர்கள் பரவலாக ஏந்தும் வால்தர் பி99 குண்டுகள் நிறைத்தால் முக்கால் கிலோவைத் தாண்டும். அந்தக் கனத்தைக் கால்சட்டைக்குள், இடுப்பு எலும்பை ஒட்டிச் செருகினால் நன்றாக மறையும், நன்றாகவே உறுத்தும். வெளிப்புறம் மாட்டினால் இடுப்புக்கு இதம். ஆனால் மேலே தளர்ந்த பாத்திக் சட்டை இருந்தால்தான் மறையும். அடிவயிற்றின் முன் வைத்தால் நிற்கும்போது தொல்லையில்லை. மோட்டார் சைக்கிளில் முன்குனிந்தால் குழல்முனை தொடையிடுக்கில் குத்தும். முதுகெலும்பை ஒட்டிப் பின்னால் வைத்து மல்லாக்க விழுந்தால் முள்ளந்தண்டுக்கே கேடு. தோளில் தொங்கும் உறையைக் குளிர்நாட்டார் கோட்டுக்குள் மறைக்கிறார்கள். பகலில் 30 பாகையைத் தாண்டும் பினாங்கு வெயிலில் எவர் கோட்டு அணிந்து நடப்பார்?

இங்கே ஈரப்பதம்தான் பெரிய வில்லன். தோலுறை உடம்புக்கு மென்மையானது, நாளாக ஆக இடுப்பின் வளைவுக்கேற்பப் படிந்தும்விடும். ஆனால் வேர்வையை உறிஞ்சி ஊறிப்போகிறது, உள்ளிருக்கும் எஃகில் துரு ஏறுகிறது, நாளடைவில் வாய்ப்பகுதி தளர்ந்து மடிகிறது. அப்படி மடிந்த தோல் விசையைச் சுற்றிய வளையத்துக்குள் புகுந்து, துப்பாக்கியை உறையில் செருகும்போதே குண்டு வெடித்த நிகழ்வு அமெரிக்காவில் நடந்திருக்கிறது. இதற்கு மாற்றாக வந்தது கைடெக்ஸ் என்னும் கடின பிளாஸ்டிக். 1960-களில் விமானங்களின் உட்புறத்துக்காக உருவான பொருள் இது. வேர்வை குடிக்காது, வடிவம் மாறாது, விசையை இறுக்கமாக மூடும். ஆனால் அதன் ஓரங்கள் ஈரத் தோலில் உரசிப் புண்ணாக்கும். எனவே உள்ளே கடின ஓடு, உடம்பை ஒட்டும் பக்கம் மெத்தையோ தோலோ வைத்த கலப்பு உறைதான் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. உறையின் அடியில் சிறு நுரைத் துண்டு ஒன்றை ஒட்டினால் குழல்முனை குத்துவது குறைகிறது, பிடியும் உடம்பை நோக்கிச் சாய்ந்து இன்னும் நன்றாக மறைகிறது. சுகமும் மறைப்பும் எப்போதும் பகையாளிகள் அல்ல என்பதற்கு இந்தச் சின்ன நுரையே சாட்சி. கனத்தை இடுப்பு முழுவதும் பகிரும் விறைப்பான வாரும் அப்படித்தான். எத்தனை நல்ல உறையும் துவண்ட வாரில் தொங்கினால் பயனில்லை.

சுகத்தைப் பேசினால் ஒழுங்கு தளரும் என்று சிலர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. போலிச் சுகம் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டை, உறையே இல்லாத சட்டைப்பை, தோளில் மாட்டும் சிறு பை ஆகியவை உடம்புக்கு இதமானவை, ஆனால் விசையை மூடாதவை அல்லது எளிதில் பறிபோகக்கூடியவை. கைப்பை வழிப்பறிக்காரர்கள் மோட்டாரில் சுற்றும் ஊரில் துப்பாக்கியைத் தோள்பையில் போடுவது பெருந்தவறு. ஆனால் மனிதர் இவற்றை நாடுவது ஏன்? துறை கொடுத்த உறை உடம்பில் ஒட்டாததால்தான். கட்டளையால் மட்டும் ஒரு பொருளை நாள்முழுதும் உடம்பில் வைத்திருக்கச் செய்ய முடியாது.

பிறர் பறிக்காதபடி பூட்டு வைத்த உறை அவசரத்தில் தாமதிக்கும் என்பது இன்னும் கனமான மறுப்பு. இதில் என் பதில் தெளிவானது: நான்கு வேலைகளுள் வேகத்துக்குத்தான் கடைசி இடம். 2024 மே 17 அன்று ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்துக்குள் பாராங் கத்தியோடு புகுந்தவன் ஒரு காவலரை வெட்டி வீழ்த்தி, அவருடைய ஆயுதத்தையே பறித்து இன்னொரு காவலரைச் சுட்டான். இருவரும் மாண்டனர். வெட்டுப்பட்டுச் சரிந்தவரை எந்த உறையும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பறிக்கும் கைக்கு எதிரான தடை எவ்வளவு முக்கியம் என்பதை அந்த அதிகாலை காட்டியது. சொந்தத் துப்பாக்கியாலேயே காவலர்கள் சாவதைக் கண்டுதான் அமெரிக்காவில் பில் ரோஜர்ஸ் என்ற முன்னாள் எஃப்பிஐ அதிகாரி 1970-களில் படிப்படியான பூட்டுகள் கொண்ட உறைகளை வகுத்தார். கட்டைவிரலால் திறக்கும் எளிய பூட்டைப் பழகிய கை நொடிப்பொழுதில் விடுவிக்கும். பழகுவதற்கோ, அந்த உறையை நாள்தோறும் அணிய வேண்டும். அங்கேயும் சுகத்தின் தேவை வந்துவிடுகிறது.

மனிதன் கெட்டால் உறை என்ன செய்யும் என்பாரும் உண்டு. 2016 டிசம்பர் 1 அன்று நம் துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் ஒரு மெய்க்காவலரே தன் முதலாளியைச் சுட்டு, வழியில் இருந்தவர்களையும் சுட்டதில் மூன்று உயிர்கள் போயின. உண்மைதான், அதை உறையால் தடுக்க முடியாது. அதற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு வேண்டும். ஆனால் நல்ல மனம் படைத்தவரிடமிருந்தும் துப்பாக்கி நழுவும், வெடிக்கும், களவு போகும். அந்த வழிகளை அடைப்பது உறையின் வேலை.

பெண் காவலர்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான உறைகள் ஆணின் நேரான இடுப்பை மனத்தில் வைத்துச் செய்தவை. பெண்ணின் இடுப்பு அகலத்தில் அதே உறை துப்பாக்கியின் மேற்பகுதியை விலாவில் குத்தவைக்கிறது. பாஜு குரோங்கிலோ வார் மாட்டவே இடமில்லை. சாதாரண உடையில் பணிக்கு அனுப்பிவிட்டு, ஆயுதத்தைக் கைப்பையில் போட்டுக்கொள் என்று விடுவது அநியாயம். சாய்வையும் உயரத்தையும் மாற்றியமைக்கக்கூடிய உறைகள் உலகச் சந்தையில் இருக்கின்றன. சுவீடன் காவல்துறையினரிடம் நடந்த ஆய்வில், கனத்தை இடுப்புவாரிலிருந்து மேலங்கிக்கு மாற்றியது அவர்களுக்கு இதமாக இருந்தது தெரியவந்தது. சீருடையினருக்கு அந்த வழியையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம்.

செலவாகும் என்பார்கள். துப்பாக்கியின் விலையோடு ஒப்பிட்டால் நல்ல உறை சிறு தொகைதான். அடுத்த கொள்முதலுக்கு முன் உள்துறை அமைச்சு ஒரு காரியம் செய்யட்டும்: ஆண், பெண் காவலர்களிடம் சில வகை உறைகளைக் கொடுத்து, பினாங்கு வெயிலிலும் மழையிலும், காரிலும் மோட்டாரிலும் அணியச் செய்து, அவர்கள் சொல்வதை எழுதி வாங்கட்டும். தனியார் உரிமங்களைப் புதுப்பிக்கும்போது துப்பாக்கியோடு அதன் உறையையும் மேசைமேல் வைக்கச் சொல்லட்டும். விசையை மூடாத, பூட்டில்லாத, துவண்டுபோன உறையோடு வருபவருக்கு அது மாறும்வரை அந்த உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது.