அப்பாவுக்கு வாடகை கொடுத்தாலும் கணக்கு கணக்குதான்!



"டிரான்ஸ்ஃபர் பிரைசிங்"னு சொன்னாலே சம்பளம் வாங்குற நம்ம ஆளுங்க அடுத்த வீடியோவுக்குத் தாவிடுவாங்க. "அது பன்னாட்டு கம்பெனி சமாச்சாரம் சார், நமக்கு எதுக்கு?"

சரி, ஒரு கேள்வி. சிதம்பரத்துல வேலை, கடலூர் மஞ்சக்குப்பத்துல அப்பா பேர்ல இருக்கிற வீட்டுல குடியிருப்பு, மாசா மாசம் அப்பாவுக்கு வாடகை, அதைக் காட்டி ஹெச்ஆர்ஏ வரிவிலக்கு. இப்படி ஒருத்தரா நீங்க? அப்படின்னா இது உங்க சமாச்சாரமும்தான்.

முதல்ல விஷயத்தைப் புரிஞ்சிக்குவோம். கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு நெய்வேலியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. சுரங்கமும் என்எல்சியோடது, அனல் மின் நிலையமும் என்எல்சியோடது. சுரங்கத்துல வெட்டின பழுப்பு நிலக்கரி கன்வேயர்ல அப்படியே மின் நிலையத்துக்குப் போகுது. ஒரு பாக்கெட்ல இருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்ல போடுற மாதிரிதான். ஆனாலும் அந்த நிலக்கரிக்கு ஒரு விலை போட்டாகணும். அதை எப்படிப் போடணும்னு மத்திய நிலக்கரி அமைச்சகமே வழிகாட்டு விதிகள் கொடுத்திருக்கு. ஏன்? அந்த விலை மின் கட்டணத்துல போய் ஏறும். கொடுக்கிறவரும் வாங்குறவரும் ஒருத்தரேன்னாலும், கடைசியில காசு கட்டுறது மூணாவது ஆள்.

டிரான்ஸ்ஃபர் பிரைசிங் மொத்தமும் இதுதான். சொந்தக்காரங்களுக்குள்ள நடக்கிற பரிவர்த்தனையில மூணாவது ஆள் ஏமாறக் கூடாது. வருமான வரியில அந்த மூணாவது ஆள் அரசாங்கம்.

கம்பெனிகளுக்கு இந்தச் சட்டம் 2001 நிதிச் சட்டத்துல வந்தது. வெளிநாட்டுத் தாய் கம்பெனிகிட்ட மூலப்பொருள் வாங்கினாலும், ராயல்டி கொடுத்தாலும், ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கையெழுத்தோட ஃபார்ம் 3சிஇபி தாக்கல் பண்ணணும். கடைசி நாள் அக்டோபர் 31. வெளிநாட்டுப் பரிவர்த்தனைன்னா தொகை சின்னதா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. விலையைத் தப்பா போட்டா அது ஒரு தனித் தப்பு. பரிவர்த்தனையைச் சொல்லாம விட்டா அது வேற தப்பு. விலை ரொம்பச் சரியா இருந்தாலும், சொல்லாம விட்டதுக்கு மட்டுமே பரிவர்த்தனை மதிப்புல 2% வரைக்கும் அபராதம் வரலாம். 50 கோடி ரூபாய் பரிவர்த்தனைன்னா 1 கோடி! மறைச்ச வரிக்காக இல்ல, வாயைத் திறக்காததுக்காக.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம்.

புது வருமான வரிச் சட்டம் 2025, ஏப்ரல் 1, 2026-ல இருந்து அமலுக்கு வருது. அதுக்கான வரைவு விதிகள் பிப்ரவரியில வந்துச்சு. ஆபீஸ்ல ஹெச்ஆர்ஏ விலக்குக்காக நீங்க எழுதிக் கொடுக்கிற ஃபார்ம் 12பிபி-க்குப் பதிலா ஃபார்ம் 124. அதுல வீட்டு ஓனர் உங்களுக்கு உறவா, என்ன உறவுன்னு கேட்கிறாங்க. கம்பெனிகள்கிட்ட 25 வருஷமா கேட்கிற அதே கேள்வி, இப்போ உங்க டேபிளுக்கு வந்திருக்கு.

இதைப் பார்த்ததும் பலருக்குப் பயம். "அப்பா பேரை எழுதினா நோட்டீஸ் வருமோ? பேசாம ஃப்ரெண்டோட மாமா பேரைப் போட்டுடலாமா?" தயவுசெஞ்சு வேண்டாம். அப்பா அம்மாவுக்கு வாடகை கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லல. வீடு அவங்க பேர்ல இருக்கணும், நீங்க அங்கே நிஜமா குடியிருக்கணும், வாடகை நிஜமா கை மாறணும். அவ்வளவுதான். உறவைச் சொல்றது குற்றத்தை ஒப்புக்கிறது ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்க பேசிக் மாசம் 40,000, ஹெச்ஆர்ஏ 16,000, அப்பாவுக்குக் கொடுக்கிற வாடகை 12,000. வாடகையில இருந்து பேசிக்ல 10% கழிச்சா 8,000. கிடைச்ச ஹெச்ஆர்ஏ 16,000, கடலூருக்கு பேசிக்ல 40% அதுவும் 16,000. மூணுல எது கம்மியோ அதுதான் விலக்கு. ஆக மாசம் 8,000, வருஷத்துக்கு 96,000. நீங்க பழைய வரி முறையில 20% ஸ்லாப்ல இருந்தா, செஸ்ஸோட சேர்த்து ஏறக்குறைய 20,000 ரூபாய் மிச்சம். புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு ஹெச்ஆர்ஏ விலக்கே கிடையாது, அவங்க இதுக்காக மெனக்கெட வேண்டாம்.

அப்பா பக்கம் என்ன ஆகும்? வருஷ வாடகை 1,44,000. அதுல 30% கழிவு போக 1,00,800 அவர் வருமானம். அவருக்கு மாசம் 30,000 பென்ஷன் இருக்குன்னு வச்சிக்குவோம். புது வரி முறையில 75,000 நிலைக்கழிவு போக, பென்ஷனும் வாடகையும் சேர்ந்து 4 லட்சத்தையே தொடல. வரி பூஜ்யம்!

அதாவது உண்மையைச் சொன்னா குடும்பத்துக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. மறைச்சா? பொய்த் தகவல்னு நிரூபணம் ஆனா, அந்த 20,000 வரியைத் திருப்பிக் கட்டணும், வட்டி கட்டணும், அதுக்கு மேல வரியில 200%, அதாவது இன்னொரு 40,000 அபராதமும் வரலாம்.

"அப்பாவுக்குக் கையில கொடுத்துட்டேன் சார்"னு சொல்றவங்களுக்கு ஒரு வழக்கு. மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்தது, தீர்ப்பு 2017. அம்மாவுக்கு ரொக்கமா வாடகை கொடுத்ததா ஒருத்தர் ஹெச்ஆர்ஏ விலக்கு கேட்டார். ஒப்பந்தம் இல்ல, பணம் கை மாறினதுக்கு வங்கி ஆதாரம் இல்ல. விலக்கு கிடைக்கல. அங்கே பிரச்சனை அம்மா இல்ல. ஆதாரம் இல்லாததுதான்.

அதனால நாலே வேலை பண்ணுங்க. ஒண்ணு, சாதாரணமா ஒரு வாடகை ஒப்பந்தம். ரெண்டு, மாசா மாசம் வங்கி வழியா பணம். அனுப்பிட்டு மறுநாளே உங்க அக்கவுண்டுக்குத் திரும்ப வாங்காதீங்க! மூணு, வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டினா அப்பாவோட பான் நம்பர். நாலு, வரி இல்லேன்னாலும் அப்பா ரிட்டர்ன்ல அந்த வாடகையைக் காட்டிடுங்க.

வாடகை எவ்வளவு வைக்கலாம்? ஹெச்ஆர்ஏவுக்கு மார்க்கெட் விலை விதி தனியா இல்ல. ஆனா அதே தெருவுல அதே அளவு வீடு 9,000-க்குப் போகும்போது நீங்க 25,000 காட்டினா, அதிகாரி மட்டுமில்ல, பக்கத்து வீட்டுக்காரரே சிரிப்பார்.

கடைசியா அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கேள்வியைக் கேட்கிறது நியாயம்னு நான் நினைக்கிறேன். ஆனா கம்பெனிகள்கிட்ட கேட்கும்போது கூடவே பாதுகாப்பும் கொடுத்தீங்க. இந்த லாப விகிதம் காட்டினா விலையைத் தோண்ட மாட்டோம்னு சேஃப் ஹார்பர் இருக்கு. முன்கூட்டியே விலையைப் பேசி முடிக்கிற ஒப்பந்தம் 2012-லயே வந்துடுச்சு. மாசச் சம்பளக்காரருக்கு என்ன இருக்கு? இன்னின்ன ஆதாரம் வச்சிருந்தா பெற்றோருக்குக் கொடுத்த வாடகையில கேள்வி வராதுன்னு ஒரு பக்கத்துக்குச் சுற்றறிக்கை போடலாமே. ஒரு வரி ஆலோசகரையும் வச்சிக்க வசதியில்லாதவங்ககிட்ட கேள்வி மட்டும் கேட்டா, நேர்மையா இருக்கிறவங்கதான் முதல்ல பயப்படுவாங்க.

அது வர்ற வரைக்கும் நம்ம பக்கத்தை நாம சரியா வச்சிக்குவோம். இந்த ஜூலையில போடுற ரிட்டர்ன், 2025-26 வருமானத்துக்கானது, பழைய சட்டத்துலதான். ஆனா ஏப்ரல்ல இருந்து கொடுக்கிற வாடகைக்குப் புது சட்டம். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போகும்போது அப்பாகிட்ட உட்கார்ந்து பேசி, ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிடுங்க. "என்கிட்டயே பத்திரமாடா?"ன்னு கேட்டா, நெய்வேலி கதையைச் சொல்லுங்க. புரிஞ்சிக்குவார்.